பணம் போயிற்று, ரசீது வரவில்லை

சென்ற ஆண்டு பருவத் தேர்வுக் கட்டணம் செலுத்துவதற்கு இறுதி நாள். மாலை நான்கு மணி இருக்கும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எங்கள் கணினி அறிவியல் துறை அறையின் வாசலில் வந்து நின்றார். கையில் கைப்பேசி, கண்கள் கலங்கியிருந்தன. "சார், பணம் போயிடுச்சு, ரசீது வரலை" என்றார்.

பேருந்து நிலையத்தை அடுத்த இணைய மையத்தில் தாயாரின் வங்கி அட்டையைக் கொண்டு கட்டணம் செலுத்தியிருக்கிறார். பணம் எடுக்கப்பட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது. திரையிலோ சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்து, பின்பு வெறும் வெள்ளையாகிவிட்டது. மறுபடியும் பதிவெண்ணை இட்டுப் பார்த்தால் 'கட்டணம் செலுத்தப்படவில்லை' என்று காட்டியது. அந்தத் தொகை தாயார் மகளிர் சுய உதவிக் குழுவில் கடனாக வாங்கிக் கொடுத்தது. வங்கியைக் கேட்டால் 'எங்களிடமிருந்து போய்விட்டது' என்றார்கள். கட்டணம் பெறும் அலுவலகத்தைக் கேட்டால் 'எங்களுக்கு வந்து சேரவில்லை' என்றார்கள்.

"ரெண்டு பேர்ல யார் சார் பொய் சொல்றாங்க?"

இருவருமே பொய் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் அவருக்கு அதனால் எந்த ஆறுதலும் இல்லை. துறையில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, ஐந்தரை மணிக்குள் மறுபடியும் கட்டிவிட்டோம். முதலில் போன தொகை நான்காம் நாள் தாயாரின் கணக்கிற்குத் திரும்பி வந்தது. இப்படிப்பட்ட நேர்வுகளுக்கென்றே ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு விதி வகுத்தது. அட்டைவழிச் செலுத்துகையில் கணக்கில் பணம் கழிந்து, பெறுபவருக்கு உறுதி போய்ச் சேராவிட்டால், ஐந்து நாட்களுக்குள் தொகையைத் தானாகவே திருப்பிவிட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. நாட்டின் தலைமை வங்கியே விதி வகுக்கும் அளவுக்கு இப்பிழை சாதாரணமானது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இருபது ஆண்டுகளாக நான் இப்பாடத்தை நடத்தி வருகிறேன். அந்த மாணவியின் கேள்விக்கு முழு விடை சொல்லப் புகுந்தபோதுதான் என் குறிப்பேட்டிலேயே ஒரு பிழை இருந்தது தெரியவந்தது. அதைப் பற்றியும் இக்கட்டுரையில் சொல்லியாக வேண்டும்.

பரவல் தரவுத்தளம் என்பது ஒரே கணக்கைப் பல கணினிகள் வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டு சேர்ந்து எழுதும் ஏற்பாடு. ஒரே கணினியில் எல்லாம் இருந்தால் வேலை எளிது. வங்கிக் கணக்கில் கழிப்பதும் கட்டணக் கணக்கில் கூட்டுவதும் ஒரே ஏட்டில் நிகழும். மின்சாரம் நின்றாலும் பாதி எழுதியதை அழித்துவிட்டு முன்னிருந்த நிலைக்குத் திரும்பலாம். ஏடு இரண்டாகி, இடையே ஒரு கம்பியும் வந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. நான் உங்களுக்குக் கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. கடிதம் வழியில் தொலைந்ததா? நீங்கள் படித்துவிட்டு எழுதிய பதில் தொலைந்ததா? நீங்கள் ஊரிலேயே இல்லையா? எழுத உட்கார்ந்திருக்கிறீர்களா? நான்கும் எனக்கு ஒன்றுபோலவே தோன்றும். மௌனத்திற்கு முகம் கிடையாது. மாணவியின் பணம் அப்படிப்பட்ட ஒரு மௌனத்தில்தான் மாட்டிக்கொண்டது.

தொலையக்கூடிய கடிதங்களை மட்டும் நம்பி இருவர் ஒரே நேரத்தில் செயல்பட உறுதி செய்துகொள்ளவே முடியாது என்பதை ஜிம் கிரே 1978இல் எழுதிய தரவுத்தளக் குறிப்புகளில் இரு படைத்தலைவர்களின் புதிராக விளக்கினார். கடைசியாகக் கடிதம் அனுப்பியவருக்கு அது சேர்ந்ததா என்று தெரியாது. அதற்கு ஒப்புகை வாங்கினால், ஒப்புகை அனுப்பியவருக்கு அதே ஐயம். இதற்கு முடிவே இல்லை. 1985இல் ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் என்ற மூவர் இன்னொன்றை நிறுவினர். செய்தி வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பதற்கு வரம்பே இல்லாத அமைப்பில், ஒரே ஒரு கணினி நின்றுபோகக்கூடும் என்ற நிலையிலும், எந்நேரமும் தவறாமல் ஒருமித்த முடிவுக்கு வந்துவிடும் உறுதியான செயல்முறை எதுவும் இருக்க முடியாது. ஆகவே நம்பகமான பரவல் தரவுத்தளம் கட்டுகிறவர், 'பதில் எப்போதும் உடனே கிடைக்கும்' என்று வாக்களிப்பதில்லை. 'பதில் தாமதமாகலாம், ஆனால் இரண்டு ஏடுகளும் முரண்பட்டு எழுதப்பட மாட்டா' என்று மட்டுமே வாக்களிக்கிறார். முதலாவதை விட்டுக்கொடுத்து இரண்டாவதைக் காப்பாற்றுவது இத்தொழிலின் அடிப்படை.

அதற்கான மிகப் பழைய வழி இருகட்ட நிறைவேற்றம். ஒருங்கிணைப்பாளர் என ஒரு கணினி இருக்கும். முதற்கட்டத்தில் அது எல்லாக் கிளைகளையும் 'தயாரா?' என்று கேட்கும். ஒவ்வொரு கிளையும் தன் ஏட்டில் குறித்துவைத்துக்கொண்டு 'தயார்' என்னும். முடியாவிட்டால் தானே ரத்து செய்துவிடும். எல்லாரும் தயார் என்றால் இரண்டாம் கட்டத்தில் 'முடி' என்ற கட்டளை போகும். ஒருவர் மறுத்தாலும், பதிலே வராவிட்டாலும் 'ரத்து' என்ற கட்டளை போகும்.

இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் அரைமணியில் முடிந்துவிடும். நான் ஆண்டுதோறும் அப்படித்தான் முடித்துவந்தேன். இம்முறை அந்த மாணவியை நினைத்து, வகுப்பையே நடிக்கவைத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

ஆய்வகத்தில் ஒரு மாணவர் வங்கி எழுத்தராக உட்கார்ந்தார். அடுத்த அறையில் நம் மாணவியே கட்டண அலுவலக எழுத்தர். வேப்பமரத்தடியில் ஓர் ஒருங்கிணைப்பாளர். துண்டுச் சீட்டுகளை எடுத்துச் செல்ல இரு தபால்காரர்கள். தபால்காரர்களுக்கு நான் கொடுத்த விதி: சீட்டைத் தாமதப்படுத்தலாம், தொலைக்கலாம், முன்பின்னாக மாற்றிக் கொடுக்கலாம், எழுத்தை மட்டும் திருத்தக் கூடாது. அந்த இருவரும் வகுப்பில் குறும்புக்குப் பேர்போனவர்கள். அதனாலேயே அவர்களைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் இரு சுற்றுகள் நன்றாக நடந்தன. மூன்றாம் சுற்றில் இரு எழுத்தர்களும் 'தயார்' என்று எழுதி அனுப்பினார்கள். மரத்தடியிலிருந்து 'முடி' என்ற சீட்டு இரண்டு புறப்பட்டது. ஒன்று கட்டண அலுவலகத்தை அடைந்தது. மாணவி தம் நோட்டில் 'கட்டணம் பெறப்பட்டது' என்று எழுதினார். மற்றொரு தபால்காரர் வங்கிக்குரிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார். வங்கி எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் கடந்தது. அவர் தம் நோட்டில் 'ரத்து. பணம் கழிக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இரு நோட்டுகளையும் அருகருகே வைத்தோம். ஒன்றில் பணம் வந்திருக்கிறது; மற்றொன்றில் பணம் போகவேயில்லை. மாணவிக்கு நேர்ந்ததன் மறுபக்கம்! வங்கி எழுத்தரைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். "நோட்ஸ்ல இருக்கறபடிதான் சார் செஞ்சேன்" என்று அவர் என் குறிப்பேட்டின் ஒளிநகலை நீட்டினார். 'காலக்கெடு கடந்தும் பதில் வராவிட்டால் கிளை ரத்து செய்துவிடும்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

அந்த வரி பாதி உண்மை. 'தயார்' என்று சொல்லுமுன் கிளை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்துகொள்ளலாம். சொன்ன பிறகு அந்த உரிமை போய்விடுகிறது. பின்னர் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளரிடம் 'என்ன முடிவு?' என்று திரும்பத் திரும்பக் கேட்கலாம். தானாக எதையும் முடிவு செய்யக் கூடாது. இதை நான் அறியாதவன் அல்லன். ஆனால் குறிப்பில் 'தயார் சொல்லுமுன்' என்ற இரு சொற்களை விட்டுவிட்டேன். எத்தனை ஆண்டு மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி, என்னிடமே முழு மதிப்பெண் பெற்றுச் சென்றார்களோ!

இங்கே ஒரு கேள்வி எழும். விழித்துக்கொண்ட ஒருங்கிணைப்பாளரிடம் அந்தப் பரிவர்த்தனையைப் பற்றிய குறிப்பே இல்லை என்றால் என்ன பதில் சொல்வது? 'ரத்து' என்றே சொல்லலாம். ஏனெனில் 'முடி' என்று கட்டளையிடுமுன் அதைத் தன் ஏட்டில் எழுதியிருந்திருப்பார். ஏட்டில் இல்லையென்றால் கட்டளை போகவில்லை. இந்த நுட்பத்தை ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஆர் ஸ்டார் என்ற பரவல் தரவுத்தளத்தில் செயல்படுத்தி 1986இல் எழுதிய மூவரில் முதல்வர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற சி. மோகன். நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர்.

பிழை தெரிந்துவிட்டது. திருத்தியும் ஆயிற்று. திருத்திய விதி சரி என்று எப்படித் தெரியும்? என் குறிப்பும் இத்தனை ஆண்டுகள் சரியாகத்தானே தோன்றியது! "இன்னும் பத்து முறை நடித்துப் பார்க்கலாம்" என்றார் ஒரு மாணவர். பத்து முறையும் தபால்காரர் தேநீர் குடிக்கப் போகாமலிருந்தால்? நடக்கக்கூடிய எல்லா நிலைகளையும் ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்ப்பதே உறுதியான வழி. எண்ணத் தொடங்கினோம். மாணவர்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னுடன் எண்ணிப் பார்க்கலாம். (இந்தக் கணக்கில் ஒருங்கிணைப்பாளர் சாவதில்லை என்று வைத்துக்கொள்வோம்.)

ஒருங்கிணைப்பாளர் முடிவெடுக்குமுன் ஒரு கிளை நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும்: இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது, தானே ரத்து செய்துவிட்டது, 'தயார்' என்று அனுப்பிய சீட்டு வழியில் இருக்கிறது, அந்தச் சீட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. இரு கிளைகளுக்கு 4 × 4 = 16. 'முடி' என்று முடிவான பிறகு ஒவ்வொரு கிளையும் கட்டளைக்குக் காத்திருக்கும், அல்லது முடித்திருக்கும்: 2 × 2 = 4. 'ரத்து' என்று முடிவான பிறகு முன்சொன்ன நான்கும் உண்டு. அவற்றுடன் 'தயார்' என்று சொன்னபின் ரத்துக் கட்டளை பெற்றவை, சீட்டு சேர்ந்தது, சேராதது என இருவகை. ஆக ஆறு: 6 × 6 = 36. மொத்தம் 56 நிலைகள். கரும்பலகை முழுவதும் எழுதினோம். ஐம்பத்தாறிலும் ஒரு கிளை முடித்து, மறு கிளை ரத்து செய்த நிலை ஒன்றுகூட இல்லை. அப்போது வகுப்பில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு அடுத்த வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார்.

கிளை மூன்றானால் 64 + 8 + 216 = 288. பத்தானால் 6,15,15,776. கரும்பலகை போதாது. இதற்கென்றே லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்க அறிஞர் டி.எல்.ஏ. பிளஸ் என்ற குறிமொழியை வகுத்தார். செயல்முறையின் விதிகளையும், 'ஒருபோதும் நடக்கக் கூடாதது இது' என்ற ஒரு வரியையும் எழுதிக் கொடுத்தால், அதனுடன் வரும் சரிபார்ப்பி எல்லா நிலைகளையும் தானே நடந்து பார்த்துவிடும். இலவசமாகவே கிடைக்கிறது, எங்கள் ஆய்வகத்துப் பழைய கணினியிலும் ஓடியது. மூன்று கிளைகளுக்குச் சரியாக 288 என்றே காட்டியது. கையால் போட்ட கணக்கும் எந்திரம் போட்ட கணக்கும் ஒன்றாக இருந்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பானேன்!

பின்பு என் பழைய குறிப்பின் விதியை எழுதிக் கொடுத்தோம். உடனே நின்றுவிட்டது. ஏழே அடிகளில் முரண்பாட்டிற்குக் கொண்டுபோகும் வழியை வரிசையாக எழுதிக் காட்டியது. அதில் வியப்பு என்னவென்றால், தபால்காரர் தேநீர் குடிக்கப் போகவே தேவையில்லை. 'தயார்' என்று எழுதிய கையோடு வங்கி எழுத்தர் மனம் மாறினாலே போதும். மற்ற எல்லாரும் விதிப்படி நடந்தும் ஏடுகள் முரண்பட்டுவிடுகின்றன. நாங்கள் நடித்தது அதே பிழையின் இன்னொரு வரிசை.

இது கல்லூரி விளையாட்டல்ல. அமேசான் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2015இல் எழுதிய கட்டுரையில், டைனமோ டி.பி. என்ற தங்கள் தரவுத்தளத்தின் வடிவமைப்பை இதே குறிமொழியில் எழுதிப் பார்த்தபோது, தரவு இழப்பு நேரக்கூடிய ஒரு பிழை வெளிப்பட்டதாகத் தெரிவிக்கிறார்கள். வடிவமைப்பு ஆய்வு, நிரல் ஆய்வு, சோதனை எல்லாவற்றையும் கடந்து வந்த பிழை அது. அதை அடைய மிகக் குறுகிய வழியே 35 அடிகள்! எங்கள் ஏழடிப் பிழையே இத்தனை ஆண்டுகள் மறைந்திருந்தது என்றால், 35 அடிப் பிழையை எந்த மனிதர் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிப்பார்?

கற்றவர் எழுதிய நிரூபணமும் தப்பவில்லை. கணினிகள் பெரும்பான்மை முடிவெடுக்கும் முறைகளில் ராஃப்ட் என்பது எளிமைக்குப் பேர்பெற்றது. 2014இல் ஓங்காரோ, ஔஸ்டர்ஹவுட் என்ற இருவர் வெளியிட்டனர். ஓங்காரோவின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சேர்க்கவும் நீக்கவும் சொல்லப்பட்டிருந்த வழியில் ஒரு பிழை இருந்தது. 2015இல் அதை உலகுக்கு அறிவித்தவர் ஓங்காரோவே. என் குறிப்பேட்டை நினைத்து வெட்கியிருந்த நேரத்தில் இச்செய்தி எனக்குச் சற்றுத் தெம்பளித்தது என்றால் மிகையில்லை.

பெரும்பான்மை முறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இருகட்ட முறையின் குறை, ஒருங்கிணைப்பாளர் செத்துப்போனால் 'தயார்' என்று சொன்னவர்கள் எல்லாரும் காத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. அதற்கு மாற்று, முடிவை ஒருவர் கையில் விடாமல் மூவர் அல்லது ஐவரிடம் வைப்பது. சங்கக் கூட்டத்தில் கோரம் இருந்தால்தான் தீர்மானம் செல்லும் அல்லவா? அதுபோல ஐந்தில் மூன்று கணினிகள் ஏட்டில் எழுதினால்தான் முடிவு செல்லும். ஐவரில் எந்த இரு மூவர் கூட்டத்தை எடுத்தாலும் இரண்டிலும் பொதுவாக ஒருவராவது இருப்பார். ஆகவே முரண்பட்ட இரு தீர்மானங்கள் நிறைவேற முடியாது. லாம்போர்ட்டின் பேக்ஸோஸ் இவ்வகையில் முன்னோடி, 1998இல் அச்சேறியது. 2012இல் கூகுள் விவரித்த ஸ்பேனர் என்ற தரவுத்தளத்தில் இருகட்ட முறையின் ஒவ்வொரு உறுப்பும் இத்தகைய ஒரு குழுவாகவே அமைந்திருக்கிறது.

இவ்வளவும் வடிவமைப்பைப் பற்றியது. தாளில் சரியாக இருப்பது நிரலிலும் சரியாக இருக்கும் என்று யார் சொன்னது? டொராண்டோ பல்கலைக்கழகத்தார் 2014இல் ஐந்து பரவல் மென்பொருள்களில் நேர்ந்த 198 கோளாறுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் அமைப்பையே வீழ்த்திய பெருங்கோளாறுகளில் 92 விழுக்காடு, சிறு பிழை ஒன்று நேர்ந்துவிட்டது என்று நிரலுக்கு வெளிப்படையாகத் தெரிவிக்கப்பட்ட பிறகும் அதைச் சரிவரக் கையாளாததால் வந்தவை. சிலவற்றில் பிழையைக் கையாள வேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது; சிலவற்றில் 'பின்னர் செய்ய வேண்டும்' என்ற குறிப்பு மட்டும் இருந்தது. நம் ஆய்வக ஏடுகளில் நான் எத்தனை முறை பார்த்த வாசகம் அது! அவ்வாய்வின் மற்றொரு முடிவு நமக்கு மிகவும் உகந்தது: 98 விழுக்காடு கோளாறுகளை மூன்று கணினிகளுக்கு மிகாமல் வைத்தே மீண்டும் வரவழைக்க முடிந்தது. பெரிய ஆய்வகம் இல்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்ள வழியில்லை.

ஓடும் நிரலைச் சோதிக்கும் முறையும் எங்கள் குறும்புத் தபால்காரர்களைப் போன்றதே. கைல் கிங்ஸ்பரி என்பவர் 2013 முதல் ஜெப்சன் என்ற கருவியைக் கொண்டு தரவுத்தளங்களைச் சோதித்து வருகிறார். சில கணினிகளில் தரவுத்தளத்தை ஓடவிட்டு, எழுதவும் படிக்கவும் கட்டளைகளை அனுப்பிக்கொண்டே, இடையில் கம்பித் தொடர்பைத் துண்டிப்பார், கடிகாரத்தைத் திருப்பிவைப்பார், ஓடும் நிரலை நிறுத்துவார். முடிவில், கிடைத்த பதில்கள் அத்தனையும் முரணில்லாத ஒரே வரலாறாக அமைகின்றனவா என்று பார்ப்பார். பெயர்பெற்ற பல தரவுத்தளங்கள் தம் விளம்பரத்தில் சொன்னதைக் காப்பாற்றவில்லை என்பது இப்படித்தான் வெளிவந்தது. ஃபவுண்டேஷன் டி.பி.யைக் கட்டியவர்கள் இன்னொரு வழி கண்டார்கள். கம்பி, வட்டு, கடிகாரம் அனைத்தையும் ஒரே நிரலுக்குள் பாவனையாக அமைத்து, அதற்குள் தரவுத்தளத்தை ஓட்டினார்கள். பிழை வந்தால், அதே தொடக்க எண்ணைக் கொடுத்து அதே வரிசையில் அதே பிழையை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம். தேநீர் குடிக்கப் போன தபால்காரரை அதே வினாடியில் மறுபடியும் அனுப்பிவைப்பது போல!

இனி ஒரு நேர்வு. நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் 2018 அக்டோபர் 21 அன்று, பழுதான ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரைத் தரவு மையத்தின் தொடர்பு 43 வினாடி அறுந்தது. தலைமைத் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்கும் மேற்பார்வை நிரல்கள் ராஃப்ட் முறையில் பெரும்பான்மை கூடி, தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றின. விதிப்படி அது சரியே. ஆனால் கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்கு இன்னும் போய்ச் சேராத சில வினாடிகளின் எழுத்துகள் கிழக்கிலேயே தங்கிவிட்டன. ஊழியர்கள் நிலைமையை உணர்வதற்குள் மேற்கிலோ ஏறத்தாழ 40 நிமிடப் புதிய எழுத்துகள் சேர்ந்துவிட்டன. இரண்டு ஏடுகள், இரண்டும் உண்மை, இரண்டும் முழுமையற்றவை. விரைவாகத் திறப்பதைவிடத் தரவைக் காப்பதே முக்கியம் என்று நிறுவனம் முடிவு செய்தது. சேவை முழுமையாகச் சீரடைய 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

43 வினாடிக்கு ஒரு நாள்! இங்கே தவறு எது? தலைவரைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பான்மை கேட்டார்கள். ஏட்டில் எழுதப் பெரும்பான்மை கேட்கவில்லை. ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் சரி; இரண்டும் சேரும் இடத்தில் யாரும் எண்ணிப் பார்க்காத ஒரு நிலை காத்திருந்தது. நான் இந்நேர்வை வகுப்பில் சொன்னபோது, கட்டண மாணவி, "அவங்களுக்கும் என்னை மாதிரிதான் ஆச்சு" என்றார்.

அவருடைய கட்டணத்திற்கு வருவோம். வங்கியும் கட்டண அலுவலகமும் இருகட்ட முறையில் இணைக்கப்பட்டவை அல்ல. முன்பின் தெரியாத ஓர் அலுவலகத்தின் கணினி விழித்தெழும் வரை தன் வாடிக்கையாளர் பணத்தை முடக்கிக் காத்திருக்க எந்த வங்கி சம்மதிக்கும்? ஆகவே முதலில் கழித்துவிட்டு, செய்தி அனுப்பி, பின்னர் இரு பட்டியலையும் ஒப்பிட்டு நேர்செய்துகொள்கிறார்கள். இதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் செய்திருக்கலாம். மாணவி இரண்டாம் முறை கட்டியபோது அமைப்பு அதற்குப் புதிய பரிவர்த்தனை எண் கொடுத்தது. அதனால் அது வேறொரு கட்டணமாகிவிட்டது. பதிவெண்ணையும் பருவத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, அந்த எண்ணில் எத்தனை முறை கட்டளை வந்தாலும் ஒரே முறைதான் பணம் கழிய வேண்டும் என்று விதி வைத்திருந்தால், அவர் அஞ்சாமல் பொத்தானை மறுபடி அழுத்தியிருக்கலாம். முதற்கட்டளை சேர்ந்திருந்தால் 'ஏற்கெனவே கழிந்தது, இதோ ரசீது' என்று வந்திருக்கும். சேராதிருந்தால் இப்போது கழிந்திருக்கும். மௌனத்தின் காரணம் தெரியாவிட்டாலும் கேள்வியைத் திரும்பக் கேட்பது ஆபத்தில்லாததாகிவிடும். இதைச் செய்ய ராஃப்ட் வேண்டாம், பேக்ஸோஸ் வேண்டாம்.

இந்த விதியை அந்த மாணவியும் மூன்று தோழியரும் சேர்ந்து இப்பருவச் செயல்திட்டமாக எழுதினார்கள், டி.எல்.ஏ. பிளஸ்ஸில் சரிபார்த்தார்கள். முதல் முறை பிழை காட்டியது. அதே எண்ணில் இரு கட்டளைகள் ஒரே கணத்தில் வந்தால், இரண்டுமே 'இன்னும் கழியவில்லை' என்று பார்த்துவிட்டு இரண்டுமே கழித்துவிடுகின்றன! பார்ப்பதையும் எழுதுவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக்கிய பிறகு பிழை நின்றது. அந்தப் பிழைத்தாள் ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறது, வருபவர்கள் பார்க்கலாம்.

எங்கள் துறையின் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் தரவுத்தளக் குறிப்பேடு இன்னும் உங்களிடம் இருந்தால், இருகட்ட நிறைவேற்றப் பகுதியில் 'காலக்கெடு கடந்தும் பதில் வராவிட்டால் கிளை ரத்து செய்துவிடும்' என்ற வரியை அடித்துவிட்டு, இவ்வாறு எழுதிக்கொள்ளவும்: 'தயார் என்று சொல்லுமுன் காலக்கெடு கடந்தால் கிளை ரத்து செய்யலாம். தயார் என்று சொன்ன பின் முடிவு தெரியும்வரை காத்திருந்து, ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.'